உதயகுமரனும் மணிமேகலையும்: தொடர்காப்பியத்தில் ஒரு காதலின் நிலை

1. முன்னுரை

சிலப்பதிகாரமும் மணிமேகலையும் இரட்டைக் காப்பியங்கள் என வழங்கப்பெறுகின்றன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1892இல் முன்னதையும் 1898இல் பின்னதையும் பதிப்பித்து வெளியிட்ட நாள்தொட்டு, இவ்விரு நூல்களின் உறவு அறிஞர்களால் பலபடியாக ஆராயப்பட்டு வந்துள்ளது. அவ்வாராய்ச்சியிற் பெரும்பகுதி காலத்தைப் பற்றியது. எஞ்சியதிற் பெரும்பகுதி சமயத்தைப் பற்றியது. மணிமேகலை ஒரு காதற்கதையின் தொடர்ச்சி என்னும் நோக்கில் அதனைக் கண்டவர் சிலரே. அது துறவின் கதை. ஆதலின் காதலுக்கு அதன்கண் இடமில்லை என்னும் எண்ணம் பொதுவாக நிலவுகின்றது.

இவ்வெண்ணத்தின் விளைவாக உதயகுமரன் என்னும் சோழ இளவரசன் நம் வகுப்பறைகளிலும் உரைநூல்களிலும் காமுகன் என்னும் ஒரு சொல்லால் முடிக்கப்படுகின்றான். அவன் மணிமேகலையைத் தொடர்ந்தான், அவள் மறுத்தாள், அவன் வாளால் மாண்டான், தீயோன் தன் வினைப்பயனைத் துய்த்தான். இவ்வளவே கதை எனின், சாத்தனார் அவன்பொருட்டு இத்தனை காதைகளைச் செலவிட்டிருக்க வேண்டுவதில்லை. முப்பது காதைகளுள் இருபத்து மூன்றாவதாகிய சிறைவிடு காதை முடியும் வரையில் அவனோ, அவன் நினைவோ, அவன் இறப்பின் விளைவோ கதையைச் செலுத்துகின்றன. அவனைத் தொட்டுவரும் இப்பகுதிகளை வரிசையாக நோக்கி, மணிமேகலைக்கும் அவனுக்கும் இடையே இருந்த உறவின் உண்மை நிலையைத் துணிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாம் கொண்ட முடிபை முதலிலேயே கூறிவிடுகின்றோம். மணிமேகலை உதயகுமரனை விரும்பினாள். அவ்விருப்பத்தைச் சாத்தனார் மறைக்கவில்லை. அதனை ஒப்புக்கொண்டாலன்றி அவள் துறவின் பெருமை விளங்காது. வேண்டாத ஒன்றை விடுவது துறவு ஆகாது.

2. தொடர்ச்சியின் இயல்பு

ஒரு காப்பியம் மற்றொன்றின் தொடர்ச்சியாதல் இருவகையில் நிகழலாம். கதைமாந்தர் வழிவழியாக வருவது ஒன்று. முன்னூலில் எழுந்து தீராது நின்ற வினா பின்னூலில் மீண்டும் எழுவது மற்றொன்று. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்தவள் மணிமேகலை என்பது முதல்வகைத் தொடர்பு. இதனை யாவரும் அறிவர். இரண்டாம் வகைத் தொடர்பே ஈண்டு நம் ஆராய்ச்சிக்கு உரியது.

சிலப்பதிகாரத்துத் துயர்களுக்கெல்லாம் தொடக்கம் யாது? புகார்க் கடற்கரையில் கோவலன் யாழெடுத்துப் பாடினான். அவன் பாட்டில் வேறு குறிப்பு உண்டென மாதவி கருதினாள். தானும் வேறு குறிப்புடையாள் போலப் பாடினாள். அவள் உள்ளத்தில் பிறன் ஒருவன் உளன் எனக் கோவலன் துணிந்தான், பிரிந்தான். ஆங்குப் பிறன் ஒருவனும் இலன். இல்லாத ஒருவனை உளன் எனக் கொண்ட ஐயமே கோவலனை மதுரைக்குச் செலுத்தியது. மதுரையிலும் அதுவே நிகழ்ந்தது. பொற்கொல்லன் சொல்லைப் பாண்டியன் ஆராயாது ஏற்றான், வாள் வீழ்ந்தது. கோவலனின் முற்பிறப்பு வரலாறும் இதனோடு ஒத்தது. பரதன் என்னும் பெயரோடு வாழ்ந்த அப்பிறப்பில், குற்றமற்ற வணிகனாகிய சங்கமனை ஒற்றன் எனக் காட்டிக் கொல்வித்தான் என்று கட்டுரை காதை கூறுகின்றது. ஆகவே ஆராயாத் துணிவும் அதனால் வீழும் வாளும் சிலப்பதிகாரத்தின் உள்ளீடு எனலாம்.

மணிமேகலையில் இவ்வுள்ளீடு மீண்டும் வருகின்றது. அதே புகார் நகரம், அதே இந்திரவிழா. ஆயின் இம்முறை மாதவி ஆட வரவில்லை. அவள் மகளும் வரவில்லை. ஊர் அலர் தூற்றுகின்றது. சித்திராபதி மனம் வெதும்பித் தூது விடுகின்றாள். கோவலன் இறந்த செய்தி கேட்டுத் துறந்த மாதவி, தன் மகளைத் தன் குலத்தொழிலுக்கு உரியள் ஆக்குவதில்லை என உறுதி கொண்டுவிட்டாள். தாயின் காதலால் விளைந்த துயரத்தை மகள் எங்ஙனம் ஏற்பாள் என்னும் வினாவோடு நூல் தொடங்குகின்றது.

3. பளிக்கறையிற் கண்ட உருவம்

தந்தையின் துயர் கேட்ட மணிமேகலையின் கண்ணீர் அவள் தொடுத்துக்கொண்டிருந்த மாலையில் வீழ்ந்து அதன் தூய்மையைக் கெடுக்கின்றது. புதுமலர் கொய்யச் சுதமதியோடு அவள் உவவனம் செல்கின்றாள். மதங்கொண்ட யானையை அடக்கி மீளும் உதயகுமரன் எட்டிகுமரன் வாயிலாக அவள் சென்ற இடத்தை அறிந்து, தேரைச் செலுத்திக்கொண்டு அங்கு வருகின்றான். அவள் பளிக்கறையினுள் புகுந்து கொள்கின்றாள்.

பளிக்கறை என்னும் இடத்தைச் சாத்தனார் தேர்ந்தெடுத்தது கருதத்தக்கது. அதனுள் இருப்பவர் உருவம் வெளியே தோன்றும்; அணுகுதல் இயலாது. உதயகுமரன் அவள் வடிவத்தைக் காண்கின்றான். அவளை அடைகின்றான் இல்லை. அவ்விருவர் உறவின் தன்மை முழுவதும் இந்நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது. அவன் இறுதிவரையில் அவள் வடிவத்தையே கண்டான். அவ்வடிவமும் பின்னர்க் காயசண்டிகை வடிவமாக மாறியது. அவளைக் கண்டு உரையாடிய போதுங்கூட அவன் கண்டது ஒரு பளிங்கின் மேல் தோன்றிய நிழலையே எனலாம்.

உடனிருந்த சுதமதியின் வரலாறும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. விஞ்சையன் ஒருவனால் கவர்ந்து செல்லப்பட்டுப் பின்னர்க் கைவிடப்பட்டவள் அவள். ஆடவன் விருப்பம் ஒரு பெண்ணின் வாழ்வை என்ன செய்யும் என்பதை அறிந்த ஒருத்தியே மணிமேகலைக்குக் காவலாக நிற்கின்றாள். இவ்வமைப்பினால் உதயகுமரன் வருகையின் அச்சத்தைச் சாத்தனார் குறைத்துக் காட்டவில்லை என்பது தெளிவு. யாமும் அதனைக் குறைத்துக் கூற முற்படவில்லை.

ஆயின் அவன் சென்ற பின்னர் நிகழ்வது யாது? ஐந்தாம் காதையில் மணிமேகலை சுதமதியிடம் தன் உள்ளத்தைத் திறந்து கூறுகின்றாள். கற்பும் தவவுணர்வும் குலக்காவலும் அற்றவள், பொருளுக்குத் தன்னை விற்பவள் என அவன் தன்னை இழிவாக எண்ணியே விரும்பினான் என்பதை அவள் அறிந்துள்ளாள். அறிந்திருந்தும் முன்பின் அறியாத அவன்பின் தன் நெஞ்சம் சென்றுவிட்டது என்கின்றாள். காமத்தின் இயல்பு இதுதானோ என வினவுகின்றாள். இதுவே அதன் இயல்பாயின் அது கெட்டொழிக என்றும் கூறுகின்றாள்.

இப்பகுதி நூலின் திறவுகோல் என்பது எம் கருத்து. இதன்கண் மூன்று செய்திகள் உள்ளன. அவமதிப்பை அவள் உணர்ந்தாள் என்பது ஒன்று. உணர்ந்தும் விரும்பினாள் என்பது மற்றொன்று. விரும்பியதை அவளே வெறுத்தாள் என்பது மூன்றாவது. தன்னை மதியாத ஒருவன்பால் நெஞ்சம் செல்வதும், அங்ஙனம் சென்ற நெஞ்சத்தைக் கண்டு நாணமும் சினமும் கொள்வதும் மானிட வாழ்வில் என்றும் உள்ளவை. இவற்றை ஒரு துறவுக் காப்பியத்தின் தலைவி வாயிலாகவே கூறுவித்தது சாத்தனாரின் துணிவு.

4. திணையில் அடங்காத நிலை

இவ்வுறவைத் தமிழ் அகப்பொருள் மரபில் எத்திணையின்பாற் படுத்துவது? தொல்காப்பியர் கைக்கிளை, அன்பின் ஐந்திணை, பெருந்திணை என அகத்திணையை வகுத்தார். ஒருதலையாய் நின்று விடைபெறாத விருப்பம் கைக்கிளை. ஒத்த அன்பு ஐந்திணை. தெளிவிழந்து பெருகியதும், எல்லை கடந்து வலிந்து செல்வதும் பெருந்திணைக் கூறுகளாகச் சொல்லப்பட்டன.

உதயகுமரன் பக்கமாக நோக்கின் இது பெருந்திணை என்பதில் ஐயமில்லை. சித்திராபதியின் தூண்டுதலும் அரசகுமரன் என்னும் செருக்கும் அவனை அவ்வழியிற் செலுத்தின. ஆயின் மணிமேகலை பக்கமாக நோக்கின் எத்திணையும் பொருந்தவில்லை. அவள் நெஞ்சம் அவன்பின் சென்றது. ஆதலின் இது கைக்கிளை ஆகாது. அவள் உடன்படவில்லை, ஆதலின் ஐந்திணை ஆகாது. அவளிடம் தெளிவு கெடவில்லை, தெளிவு மிகுந்தது, ஆதலின் பெருந்திணையும் ஆகாது. உள்ளதாகிய காதலைக் காதலித்தவளே மறுத்து நிற்கும் இந்நிலைக்கு இலக்கணத்தில் பெயர் இல்லை.

அகப்பாடல்களில் பிரிபவன் பெரும்பாலும் தலைவன். பொருள்வயிற் பிரிவான், வேந்தற்குற்றுழிப் பிரிவான். ஆற்றியிருப்பவள் தலைவி. மணிமேகலையில் பிரிபவள் பெண். அவள் பிரிவது அறத்தின் பொருட்டு. ஆற்றாது அலைபவன் ஆண். பழைய மரபின் உறுப்புகளைக் கொண்டே சாத்தனார் முன்னில்லாத ஒன்றை ஆக்கினார் என்பது இதனாற் புலனாகும்.

5. முற்பிறப்பின் ஊடல்

மணிபல்லவத்தில் புத்தபீடிகையைக் கண்டு மணிமேகலை தன் முற்பிறப்பை உணர்கின்றாள். இலக்குமி என்னும் பெயரினளாய் இராகுலன் என்னும் அரசகுமரனுக்கு மனைவியாய் இருந்தாள்; திட்டிவிடம் என்னும் பாம்பால் அவன் இறக்க, அவளும் தீப்புகுந்தாள். மணிமேகலா தெய்வம் தோன்றிய பொழுது அவள் வினவும் வினா கருதத்தக்கது. வீடுபேற்றின் வழியை அவள் முதலில் வினவவில்லை. தன் கணவன் இப்பொழுது எங்கு உள்ளான் என்றே வினவுகின்றாள். அவனே உதயகுமரன் என்றும், அதனாலேயே இருவர் உள்ளமும் ஒருவர்மேல் ஒருவர் சென்றன என்றும் தெய்வம் விடையிறுக்கின்றது.

முற்பிறப்புச் செய்தியைக் கொண்டு ஒரு தடையை எழுப்புவார் உளர். ஊழால் வந்த தொடர்பே இது. ஆகவே மணிமேகலையின் விருப்பம் அவளுடையது அன்று. பழவினையின் எச்சம் என்பர். இத்தடை வலியுடையது போலத் தோன்றும். ஆயின் தெய்வம் கூறும் முற்பிறப்பு நிகழ்ச்சியை நோக்குக. ஒரு பொழிலில் இலக்குமி கணவனோடு ஊடியிருக்கின்றாள். அவன் அவ்வூடலைத் தணிக்க அவள் அடியில் வீழ்கின்றான். அவ்வேளையில் சாதுசக்கரன் என்னும் முனிவன் வானினின்று இறங்குகின்றான். இலக்குமி நடுங்கி எழுந்து வணங்குகின்றாள். இராகுலனோ வந்தவன் யார் என வெகுள்கின்றான். அவள் அவனை அடக்கி, முனிவனுக்கு உணவளிக்கின்றாள். அந்நல்வினையே அவளை இப்பிறப்பில் அறத்தின்பாற் செலுத்துகின்றது.

இஃது ஓர் இல்லற ஊடலின் சித்திரம். அவர்கள் இன்பமாக இருந்த ஒரு பொழுதைத் தேர்ந்து காட்டாமல், பிணக்குற்றிருந்த பொழுதையே தெய்வத்தின் வாயிலாகச் சாத்தனார் காட்டுகின்றார். அப்பிணக்கிடையே மூன்றாமவன் ஒருவன் புகுகின்றான். அவனைக் கண்டு கணவன் வெகுள்கின்றான்; மனைவி வணங்குகின்றாள். இப்பிறப்பிலும் அவர்கள் நிலை அதுவே. மணிமேகலை அறத்தை நோக்குகின்றாள். உதயகுமரன் அவள் யாரை நோக்குகின்றாள் என ஐயுறுகின்றான். ஆகவே ஊழ் என்பது ஈண்டு புறத்திலிருந்து வந்து அழுத்தும் ஆற்றல் அன்று; இருவர்தம் இயல்பு பிறப்புத்தோறும் தொடர்வதே ஊழ். விருப்பமும் அவளுடையதே; மறுப்பும் அவளுடையதே.

6. அறவுரையும் ஐயமும்

பதினெட்டாம் காதையில் உதயகுமரன் அம்பலம் புகுந்து, தவக்கோலம் பூண்டதன் காரணத்தை மணிமேகலையிடம் வினவுகின்றான். அவள் உள்ளம் நடுங்குகின்றது. இவன் தன் பழைய கணவன் இராகுலன். ஆதலின் இவன் அடிதொழுதல் தகும் என எண்ணி வணங்குகின்றாள். பிறப்பும் மூப்பும் பிணியும் சாக்காடும் உடையது இவ்வுடம்பு என எடுத்துரைக்கின்றாள். பின்னர்ச் சம்பாபதி கோயிலினுள் சென்று மந்திரத்தால் காயசண்டிகை வடிவம் கொள்கின்றாள்.

காயசண்டிகையின் கதை இதனோடு பின்னிவருவது. அவள் விஞ்சையன் மகள். காஞ்சனன் என்பவன் மனைவி. முனிவன் ஒருவனுக்குரிய நாவற்கனியை மிதித்துச் சிதைத்தமையால் பன்னீராண்டுகள் யானைத்தீ என்னும் தீராப்பசிக்கு ஆளானாள். ஆண்டுதோறும் இந்திரவிழாவின்போது அவள் கணவன் வந்து, அவள் பசி கண்டு வருந்தி, எஞ்சிய ஆண்டுகளை எண்ணி மீள்வான். மணிமேகலையின் அமுதசுரபியினால் பசி நீங்கிய அவள் வான்வழியே தன் நாடு நோக்கிச் சென்றுவிடுகின்றாள். அதை அறியாத காஞ்சனன் பன்னீராண்டு முடிவில் வந்து அவளைத் தேடுகின்றான். கண்ட வடிவம் தன் மனைவியின் வடிவமே. ஆயின் அவ்வடிவம் அவனைப் பொருட்படுத்தவில்லை. உதயகுமரனிடம் சென்று உரையாடுகின்றது.

அங்ஙனம் உரையாடியது யாது? முதுமையுற்ற ஒருத்தியைக் காட்டி, கருங்கூந்தல் வெண்மணலைப் போல ஆயதையும் பிற உறுப்புகள் எழில் இழந்ததையும் எடுத்துக்காட்டி, யாக்கையை விரும்பற்க என அவள் அறிவுறுத்துகின்றாள். காதற்பாட்டில் கேசாதிபாதமாகப் புகழப்படும் உறுப்புகள் ஒவ்வொன்றும் ஈண்டு அதே முறையில் மறுக்கப்படுகின்றன. இவ்வறவுரையைத் தொலைவில் நின்று கண்ட காஞ்சனன் அதனைக் காதலுரை எனக் கொண்டான். அதனைக் கேட்ட உதயகுமரனோ இவள் மணிமேகலையே எனத் துணிந்து, அருகில் நின்ற அயலான் யார் என ஐயுற்றான். இருவர் உள்ளத்திலும் இல்லாத ஒரு கள்ளன் தோன்றினான். நள்ளிரவில் உலகவறவியினுள் உதயகுமரன் புகுந்த பொழுது, உள்ளே மறைந்திருந்த காஞ்சனனின் வாள் அவன்மேல் வீழ்ந்தது.

கானல்வரியில் பாட்டு பொருள் திரிந்தது. ஈண்டு அறவுரை பொருள் திரிந்தது. அங்கு இல்லாத பிறன் ஒருவனைக் கோவலன் கண்டான். ஈண்டு காஞ்சனனும் உதயகுமரனும் ஒருவரையொருவர் அங்ஙனம் கண்டனர். இரண்டும் ஒரே பிழையின் இருமுறை நிகழ்ச்சி. இன்னும் ஒரு படி மேற்சென்று கூறலாம். மணிமேகலை அவனைக் காக்கும்பொருட்டு மேற்கொண்ட மாற்றுருவே அவன் சாவுக்கு வழியாயிற்று. அறம் கூறுவோர் அன்பை மறைத்துக்கொண்டு கூறின், கேட்போர்க்கு அவ்வறம் விளங்காமற் போகலாம் என்னும் கசப்பான உண்மை ஈண்டு உளது. பௌத்த அறத்தைப் பரப்ப வந்த ஆசிரியர் இவ்வுண்மையை மறைக்காமை போற்றத்தக்கது.

இந்நூலின் கிளைக்கதைகளைத் தனிநூலாகவே ஆராய்ந்த பவுலா ரிச்மன் அவர்களின் 1988ஆம் ஆண்டு வெளியீடு, கிளைக்கதைகளை முதற்கதையோடு வைத்துப் பயிலும் வழியைத் திறந்தது. அவ்வழியில் நோக்கின் காஞ்சனன் கதை வெறும் துணைக்கதை ஆகாது. பன்னீராண்டு காத்திருந்த உண்மைக் கணவன் அவன். அவனே கொலைஞன் ஆனான். உரிமையில்லாது விரும்பிய உதயகுமரனும், உரிமையோடு விரும்பிய காஞ்சனனும் ஒரே பிழையைச் செய்தனர்: பெண்ணின் உள்ளத்தை அவளிடம் வினவித் தெரிந்துகொள்ளவில்லை. கந்திற்பாவை உண்மையை உரைத்த பின்னரே, தன் மனைவி விந்தமலையைக் காக்கும் விந்தாகடிகையின் வயிற்றுட்பட்டு மாண்டதைக் காஞ்சனன் அறிகின்றான்.

7. அழுகையும் தடையும்

இருபத்தோராம் காதையின் தொடக்கத்தில் மணிமேகலை காயசண்டிகை வடிவத்தை நீக்கித் தன் வடிவத்தோடு நின்று அழுகின்றாள். முற்பிறப்பில் நீ பாம்பால் இறந்தபோது நானும் உன்னோடு தீயிற்பட்டேன். உவவனத்தில் உன்பால் என் உள்ளம் சென்றது. உனக்கு நல்லறம் உணர்த்தி உன்னைத் தீவினையினின்றும் மீட்கவே இம்மாற்றுருவம் கொண்டேன். நீயோ வாளால் மடிந்தாய் என்னும் கருத்துப்பட அவள் புலம்புகின்றாள். புலம்பி அவன் உடல் அருகே செல்ல முற்படுகின்றாள்.

அவன் உயிரோடிருந்தவரை அவனிடம் ஒருமுறையேனும் அவள் கூறாத செய்திகள் இவை. முதற்சந்திப்பில் பளிங்கு இடைநின்றது. இரண்டாவதில் தவக்கோலம் இடைநின்றது. மூன்றாவதில் காயசண்டிகை வடிவம் இடைநின்றது. எல்லாத் திரைகளும் நீங்கி அவள் தன் முகத்தோடும் தன் சொல்லோடும் அவன்முன் நின்றபோது அவன் கேட்கும் நிலையில் இல்லை. காப்பியத்தின் அவலம் இவ்விடத்தில் முழுமை பெறுகின்றது.

கந்திற்பாவை அவளை அணுகவிடாது தடுக்கின்றது. இவன் உனக்குக் கணவன் ஆனதும் நீ இவனுக்கு மனைவி ஆனதும் ஒரு பிறப்பில் மட்டும் அன்று; பிறவித்துயரைக் கெடுக்க முயலும் நீ இதற்கு வருந்தற்க எனக் கூறுகின்றது. அவன் வாளால் மாண்டதன் காரணத்தையும் கூறுகின்றது. முற்பிறப்பில் பிரமதருமன் என்னும் முனிவனுக்கு உணவு சமைக்க வந்த மடையன் கால்தவறிக் கலங்களைச் சிதைத்தான். சினம் தாங்காத இராகுலன் அவனை வாளால் வெட்டினான். அவ்வினையே இப்பிறப்பில் வந்து மூண்டது. கோவலனின் முற்பிறப்புப் பிழையும் இராகுலனின் முற்பிறப்புப் பிழையும் ஒன்றே என்பதை ஈண்டு நோக்குக. இருவரும் ஆராயாது ஓர் எளியவன் உயிரைப் போக்கினர். முன்னூலும் பின்னூலும் ஒரே அறத்தின் இரு பக்கங்கள் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இலக்குமி முற்பிறப்பில் தீப்புகுந்தாள். கண்ணகி மதுரையைத் தீக்கு இரையாக்கினாள். மணிமேகலை தீப்புகவும் இல்லை; தீ மூட்டவும் இல்லை. இழப்பு ஒன்றே, அதனை ஏற்கும் முறை வேறு. இருபத்தாறாம் காதையில் வஞ்சிமாநகரில் கண்ணகியின் படிமம் மணிமேகலையோடு பேசுகின்றது. சினத்தால் நகரை எரித்த வினையின் பயனைத் தானும் துய்த்தே தீரவேண்டும் எனக் கண்ணகியே கூறுகின்றாள். முன்னூலின் தலைவியைப் பின்னூலில் வரவழைத்து, அவள் வாயாலேயே முன்னூலின் முடிவுக்கு ஒரு திருத்தம் கூறுவித்த இச்செயல் தொடர்காப்பியத்தின் உயர்ந்த பணியாகும்.

8. அரசனும் அரசியும்

இளவரசன் இறந்த செய்தியை முனிவர் அரசனுக்கு உரைக்கின்றனர். மருதி, விசாகை ஆகிய மகளிரை விரும்பித் தவறிய தன் மக்களை ககந்தன் கொன்ற வரலாற்றை முன்வைத்தே இச்செய்தி சொல்லப்படுகின்றது. அரசனும் தான் செய்திருக்க வேண்டிய தண்டத்தைக் காஞ்சனன் செய்தான் என்கின்றான். அரசநீதியின் முன் உதயகுமரனுக்கு விலக்கு இல்லை. விரும்பாத பெண்ணைத் தொடர்ந்தவன் அரசன் மகனேயாயினும் குற்றவாளியே என்பதில் சாத்தனாருக்கு ஐயமில்லை. யாம் முன்னர்க் கூறிய மணிமேகலையின் விருப்பத்தைக் கொண்டு அவன் குற்றத்தை மறைக்க முயல்வோர் இக்காதையை மறந்தவர் ஆவர். அவள் விரும்பினாள் என்பது உண்மை. அவள் இசையவில்லை என்பதும் உண்மை. விருப்பம் வேறு, இசைவு வேறு. இவ்வேறுபாட்டைச் சாத்தனார் அறிந்திருந்தார்.

மகனை இழந்த இராசமாதேவி மணிமேகலையைத் துன்புறுத்துகின்றாள். பித்தேற்றும் மருந்தைக் கொடுத்தும், ஓர் இளைஞனை ஏவியும், உணவின்றி அடைத்தும் பார்க்கின்றாள். ஒன்றும் பலிக்கவில்லை. அப்பொழுது மணிமேகலை அவளை வினவுகின்றாள்: நீ அழுதது உடலுக்கா, உயிருக்கா? உடலுக்கு எனின் அவ்வுடலைச் சுடலைக்கு அனுப்பியவர் யார்? உயிருக்கு எனின் அது சென்று புகுந்த இடம் அறியப்படாது. ஆதலின் எல்லா உயிரிடத்தும் அன்பு செலுத்துவதே முறை. இவ்வினா பிறர்க்குக் கூறும் தத்துவம் போலத் தோன்றலாம். ஆயின் சில நாட்களுக்கு முன் அதே உடலின் அருகே அழுதவள் அவள். தான் கற்ற பாடத்தையே அவள் அரசிக்குக் கற்பிக்கின்றாள்.

மனந்தெளிந்த அரசி அவளை வணங்குகின்றாள். மணிமேகலை அதனைப் பொறாது, இது தகாது எனத் தடுத்துத் தானும் வணங்குகின்றாள். அவள் கூறும் காரணங்கள் இரண்டு: நீ என் காதலனைப் பெற்றவள், மேலும் நீ அரசன் பெருந்தேவி. இவ்வரிசை முறையே எமக்குப் போதிய சான்று. துறவு பூண்டு, பாத்திரம் ஏந்தி, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கிய பின்னரும் அவன் அவளுக்குக் காதலனே. அரசி என்னும் சிறப்பு அதன் பின்னரே வருகின்றது. கொடுமை செய்த ஒருத்தியை மாமியார் என்னும் உரிமையால் வணங்கும் இக்காட்சி மணிமேகலையின் அன்பு எத்துணை ஆழமானது என்பதை அமைதியாகக் காட்டுகின்றது.

9. காப்பியத்தின் குறை

நிறைகளைக் கூறிய யாம் குறையையும் கூறுதல் கடன். இருபத்து மூன்றாம் காதைக்குப்பின் உதயகுமரனைப் பற்றிய உணர்ச்சி காப்பியத்தினின்றும் மறைகின்றது. சமயக்கணக்கர் திறங்களும் அளவை நெறியும் நிதானங்களும் இறுதிக் காதைகளை நிரப்புகின்றன. அவை பௌத்த தத்துவத்தைத் தமிழில் உரைக்கும் அரிய பகுதிகள் என்பதில் ஐயமில்லை. எனினும் மணிமேகலை துறவை முழுமையாக மேற்கொள்ளும் இறுதிக் காதையில், அவள் எதனை விட்டுவந்தாள் என்பதை நினைவூட்டும் ஒரு சொல்லேனும் இருந்திருப்பின் கதையின் இரு பகுதிகளும் இறுகப் பிணைந்திருக்கும். கதையாசிரியரும் அறவாசிரியரும் ஒருவரேயாயினும், இவ்விடத்தில் பின்னவர் முன்னவரை முந்திவிட்டார். உதயகுமரனைக் காமுகன் என முடிக்கும் வழக்கத்திற்கு இவ்வமைதியின்மையும் ஒரு காரணம் ஆகலாம்.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: மணிமேகலை தன் முன்னூலின் மாந்தரை மட்டுமன்றி அதன் வினாவையும் தொடர்வது, ஐயத்தால் அழிந்த ஒரு காதலின் பின், அதே ஐயத்தால் மற்றொரு காதல் அழிவதைக் காட்டுவது, ஐந்தாம், பத்தாம், பதினெட்டாம், இருபத்தோராம், இருபத்து மூன்றாம் காதைகளில் தலைவியின் அன்பு இடையறாது வெளிப்படுவது, அவ்வன்பு உதயகுமரன் குற்றத்தைக் கழுவாது நிற்பது.

பயிலும் மாணாக்கர்க்கு இவ்வேறுபாட்டை உணர்த்துவது இன்றியமையாதது என எண்ணுகின்றோம். உதயகுமரனைத் தீயோன் என்று மட்டும் கற்பிப்பின், மணிமேகலைக்கு அவனை மறுப்பது எளிதாயிற்று என்றே அவர் கொள்வர். அவனைக் காதலன் என்று மட்டும் கற்பிப்பின், மறுத்தவள்பால் சென்று வருத்துவதும் காதலே என்னும் கேடான எண்ணம் வேரூன்றும். சாத்தனார் இவ்விரு பிழைக்கும் இடங்கொடாமல், தன்னை இகழ்ந்தவன்பின் சென்ற நெஞ்சத்தை அறிந்து, அதனை ஒப்புக்கொண்டு, அதன்வழிச் செல்லாது நின்ற ஒரு பெண்ணைப் படைத்தார். அவள் ஏந்திய பாத்திரம் பிறர் பசியைத் தீர்த்தது. அவள் நெஞ்சின் பசியை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சுதமதியிடம் ஒருமுறையும், இறந்தவனிடம் ஒருமுறையுமே சொன்னாள்.